இரண்டாவது கல்

ஆமினா, எழுதுவது உன் வாப்பாதான், பயப்படாதே. இங்கே எல்லாரும் சுகம். உன் உம்மாவின் முழங்கால் வலி மழை வந்தால் வருகிறது, மழை விட்டாலும் போவதில்லை. கடையில் பெருநாள் வியாபாரம் ஆரம்பித்துவிட்டது. நீ கப்பலேறிப் போனபிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் பாதியாகிவிட்டது என்று உம்மா நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி அந்தப் பாதியையும் அவளே நிரப்பிவிடுகிறாள். ஆகையால் எங்களைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம்.

உன் கடிதத்தை நீ உம்மாவுக்குத்தான் எழுதியிருந்தாய். 'உம்மாவுக்கு மட்டும்' என்று உறையின்மேல் எழுதி அடியில் கோடும் போட்டிருந்தாய். ஆனால் உன் உம்மாவுக்கு ஓத வருமே தவிர தமிழ் எழுத்து வராது. இந்த வீட்டில் தமிழ் வாசிக்கிற ஆள் இப்போது நான் ஒருத்தன்தான் என்பதை நீ மறந்துவிட்டாயா, மறந்த மாதிரி இருந்துவிட்டாயா, அது உனக்குத்தான் வெளிச்சம். உம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டு எதிரே உட்கார, நான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். பினாங்குக் கடற்கரை, உன் மாமியாரின் கைப்பக்குவம், மாப்பிள்ளை சரக்கோடு மேடானுக்குப் போயிருப்பது, எல்லாம் கணீரென்று வந்தது. பக்கத்தைத் திருப்பியதும் என் குரல் தானாக இறங்கிவிட்டது. "என்ன முணுமுணுக்கிறீங்க, சத்தமா வாசிங்க" என்றாள். ஒரு வரி வாசிப்பதும் சுவரைப் பார்ப்பதுமாக மிச்சத்தை முடித்தேன். வாசித்ததை அப்போதே மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

மறந்துபோன அந்த விஷயத்தைப் பற்றித்தான் இப்போது எழுதப்போகிறேன். டுரியான் பழத்து வாடை தாங்காமல் நீ ஒரு நாள் வாந்தி எடுத்தாய். சிங்கப்பூரில் பிறந்த பெண் டுரியானுக்கு வாந்தி எடுத்தாள் என்று வெளியே சொல்ல எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. உன் மாமி அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார், மருத்துவச்சிக்குச் சொல்லி வைத்தார், விடியுமுன் எழுந்து குங்குமப்பூ போட்டுப் பால் காய்ச்சிக் கட்டிலுக்கே கொண்டுவந்து தருகிறார். நீ கூச்சத்தில் முதல் நாள் வாய் திறக்கவில்லை, அதற்குப் பிறகு திறக்க முடியவில்லை. அப்படி ஒன்றும் இல்லை என்பது இப்போது உனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், மாதத்தில் தொழக்கூடாத நாட்களில்கூட மாமிக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று தொழுகிற மாதிரிப் பாயை விரித்து உட்கார்ந்து எழுந்ததாக எழுதியிருக்கிறாய். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த உம்மா அந்த இடத்தில் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அத்தனை ஆசையாக இருக்கிறவரிடம் எப்படிச் சொல்வேன், சொன்னபிறகு அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று கேட்டிருக்கிறாய்.

உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு நீங்கதான் பதில் எழுதணும். இந்த மாதிரிச் சேதியை ஒரு தடவை சொல்லி முடிச்ச ஆளு நீங்கதானே" என்றாள். அவள் சொன்னது எங்கள் சபையில் நடந்த ஒன்றை. உன் மாப்பிள்ளையும் நிக்காஹ் விருந்தில், ஞாயிற்றுக்கிழமை தோறும் மண்ணைக் கிளறுகிற சபை ஒன்று வைத்திருக்கிறீர்களாமே, அது என்ன என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்ததில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இருவருக்குமாகச் சேர்த்தே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். மாமி கூப்பிட்டால் எழுந்துபோய்விட்டு வந்து வாசி.

சபைக்கு விதை போட்டவர் உன் பிள்ளை மாமா. அப்போது அவர் கோர்ட்டில் துபாஷி. மலாய்க்காரர் சொல்வதைத் துரைக்கும், துரை சொல்வதைத் தமிழருக்கும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிற உத்தியோகம். நம் கடைக்கு அடுத்த கடையின் மாடியில் அவரும் அவர் மனைவி, உன் தையல் அத்தையும் குடியிருந்தார்கள். நடுவில் ஒரு பலகைச் சுவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை மியூசியத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு உடைந்த கல் இருக்கிறது, நீயும் பார்த்திருப்பாய். ஆற்று வாயில் இருந்த பெரிய பாறையை வெள்ளைக்காரர் வெடி வைத்துத் தகர்த்தபோது மிஞ்சிய துண்டு. அதிலுள்ள எழுத்தை இன்றுவரை ஒருத்தரும் வாசித்ததில்லை. பிள்ளை அதில் மூக்கு உரச நின்றுவிட்டு, "மரைக்காயரே, இது தமிழேதான்" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். எனக்கு அது அரபு மாதிரி தெரிந்தது. பக்கத்தில் நின்ற சீனரைக் கேட்டிருந்தால் அவருக்குச் சீனமாகத் தெரிந்திருக்கும். திரும்பி வருகிற வழியெல்லாம் இரண்டு பேரும் சண்டை போட்டோம். வீடு வந்து சேர்ந்தபோது சபை ஆரம்பித்தாகிவிட்டது.

'சுண்ணாம்புக் கம்பம் பழம்பொருள் ஆராய்ச்சிச் சபை' என்று பெயர். சிராங்கூன் ரோட்டுப் பக்கத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் நம்மவர்கள் இந்த இடத்தையே அப்படித்தான் சொல்வார்கள். ஆறுமுகப் பத்தர் மூன்றாவதாக வந்து சேர்ந்தார். நகை செய்கிறவர், எந்த உலோகத்தையும் புளி போட்டுத் தேய்த்து முகம் பார்க்க வைத்துவிடுவார். பிறகு இரண்டு வாத்தியார்கள், ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருத்தர், மாட்டுக் கொட்டகைக்காரர் ஒருத்தர். கொட்டகைக்காரருக்கு ஆராய்ச்சியில் அக்கறை இல்லை, ஆனால் வண்டி அவருடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வண்டியில் ஏறிச் சுவா சூ காங் பக்கத்து மிளகுத் தோட்டம்வரை போயிருக்கிறோம். யாராவது கிணறு வெட்டினால், அஸ்திவாரம் தோண்டினால், நாங்கள் கரையில் நிற்போம். உம்மா அப்போதெல்லாம் சொல்வாள், மண்ணிலிருந்து வந்தோம், மண்ணுக்குத்தான் போகப்போகிறோம், நடுவில் இருக்கிற கொஞ்ச நாளாவது மண்ணை விட்டு இருக்கக் கூடாதா என்று.

நாங்கள் கண்டுபிடித்ததெல்லாம் உனக்குத் தெரியும், ஏனென்றால் பாதி நம் அடுக்களையில்தான் இருக்கிறது. ஊறுகாய் ஜாடியை மூடியிருக்கிற மூடி ஒரு காலத்தில் ரோமாபுரியிலிருந்து வந்த விளக்கு. சீனர்கள் உப்புக்கீரை போட்டு வைக்கிற ஜாடியின் மூடி அது என்று சந்தைக்குப் போன உம்மா வந்து சொன்னாள். நீ பூனைக்குப் பால் ஊற்றிய கிண்ணம் சில வாரங்கள் சோழர் காலத்தது. பத்தர் ஒரு நாணயத்தை நாள் முழுக்கத் தேய்த்தார், கடைசியில் அது தோட்டக் கூலிகளுக்குக் கொடுக்கிற தகர வில்லை. இப்படிப் பல தடவை தெரு சிரித்தபிறகு பிள்ளை ஒரு விதி கொண்டுவந்தார். கிடைத்த பொருளைப் பாய்மேல் வைத்து, ஒவ்வொருவரும் கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். நிறம், கனம், உடைப்பு, கீறல், எதுவானாலும் சரி. எல்லாரும் சொல்லி முடிக்கும்வரை ஒருத்தரும் அதற்குப் பெயர் வைக்கக் கூடாது. கோர்ட்டில் சாட்சி சொல்கிறவர்கள் பார்த்ததை விட்டுவிட்டு நினைத்ததைச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவருக்குத் தோன்றிய விதி. அது வந்தபிறகு எங்கள் அவமானம் பெரிதும் குறைந்தது. கண்டுபிடிப்பும் குறைந்தது, அது வேறு கதை. எனக்கென்னவோ அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் போலச் சந்தோஷமான நாட்கள் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

அந்த விதியைப் பிள்ளை ஒரே ஒரு தடவைதான் மீறினார். நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் அவர் பாலஸ்தியர் ரோட்டுப் பக்கத்தில் வீடு கட்ட ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தார். லாலாங் புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்த இடம். கிணற்றுக்கு இடம் பார்த்துப் புல்லை வெட்டியபோது ஒரு மரத்து வேருக்குள் சாய்ந்த மாதிரி ஒரு கல் அகப்பட்டது. கீழே சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, மேலே மொட்டுப் போல உருண்டை. பிள்ளை படித்தவர், சிவலிங்கத்துக்குச் சொல்லப்பட்ட இலக்கணம் இதேதான் என்பது அவருக்குத் தெரியும். படிக்காதவராக இருந்திருந்தால் அது வெறும் கல்லாகவே கிடந்திருக்கும். பாயும் விரிக்கவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. கல்லை எடுத்துக் கழுவி, நிலத்து வாசலில் கிழக்குப் பார்த்து நிறுத்தி, மேலே அத்தாப்பு ஓலையில் ஒரு கொட்டகை போட்டுவிட்டார். வெள்ளைக்காரன் வருவதற்கு ஆயிரம் வருஷம் முன்னால் தமிழன் இங்கே வந்து கும்பிட்டிருக்கிறான் என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியது. தெருவே திரண்டு போனது. எண்ணெய்க் காப்பு, பாலாபிஷேகம், பொங்கல் எல்லாம் நடந்தது. பொங்கல் நம் வீட்டுக்கும் வந்தது.

எனக்கு அந்தக் கல்லைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. உனக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து தங்காமல் போனது உனக்குத் தெரியும். அந்த மூத்தவனை, உன் காக்காவை, அடக்கம் செய்துவிட்டு, கம்போங் கிளாம் பக்கத்து மையவாடியில், எழுந்துவர மனமில்லாமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் பழைய மலாய்க் கபர்கள். கண்ணை எங்கேயாவது வைக்க வேண்டுமே என்று அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சதுரம், எட்டுப் பட்டை, மொட்டு. ஆண்களின் கபருக்கு அப்படித்தான் நடுவார்கள், தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. பிள்ளையின் நிலத்தில் கல் இருந்த பள்ளத்தையும் போய்ப் பார்த்தேன். மண் லேசாக மேடு தட்டி, வடக்கிலிருந்து தெற்காக, ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்கு இருந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டுமென்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாள் உன் தையல் அத்தை கடைக்கு வந்து மஞ்சள் துணி கேட்டாள். எவ்வளவு வேண்டும் தங்கச்சி என்றேன். கையை விரித்து ஒரு சின்ன அளவு காட்டினாள். அந்த மரத்தில் தொட்டில் கட்ட என்றாள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. கிணற்றுக்குப் பார்த்த இடத்தில் சாமியே வந்து நின்றிருக்கிறது, எனக்காகத்தான் வந்திருக்கிறது அண்ணே என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாகூரில் நம்மவர்களும் தர்காவில் தொட்டில் கட்டுகிறவர்கள்தானே, அந்த ஆசை எனக்குப் புரியாததில்லை. துணியை வெட்டிக் கொடுத்தேன். கொடுத்தபிறகு என்னால் வாய் திறக்க முடியவில்லை. அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றப் போவதைக் கடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த இடத்தில் நீ என்னை நன்றாகப் புரிந்துகொள்வாய்.

உம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் வயிற்றில் அப்போது நீ இருந்தாய். தையல் அத்தையின் முன்னால் நடமாடவே அவளுக்குக் கூச்சமாக இருந்த காலம் அது. கேட்டுவிட்டு ரொம்ப நேரம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பிள்ளை இந்தக் கல்லைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப்போகிறார், மியூசியத்துத் துரையையும் கூட்டிவந்து காட்டப்போகிறார் என்று நான் சொன்னபோதுதான் நிமிர்ந்தாள்.

"நீங்க சொல்லலைன்னா வேற யாராவது சொல்லத்தான் போறாங்க. அவங்க சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. துரை அந்தக் கல்லைச் சுற்றிவந்து மீசைக்குள் சிரிப்பதும், பிள்ளை துபாஷியாக நின்று அந்தச் சிரிப்பைத் தெருவுக்கு மொழிபெயர்ப்பதும் என் கண்முன் வந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்திரிகைக்கு என்ன எழுதுவதென்று பேச எல்லாரும் அந்த நிலத்தில் கூடினோம். நான் ஒரு தந்திரம் யோசித்து வைத்திருந்தேன். சபை விதிப்படி இந்தக் கல்லை இன்னும் நாம் யாரும் பார்க்கவே இல்லையே பிள்ளை என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, பாருங்கள், ஆசை தீரப் பாருங்கள் என்றார். பத்தர் எட்டுப் பட்டையும் ஒரே அளவு, நல்ல உளி என்றார். கம்பவுண்டர் ஒரு பக்கம் மட்டும் பாசி, வெகு காலம் சாய்ந்து கிடந்திருக்கிறது என்றார். என் முறை வந்தது. இதற்கு ஜோடி ஒன்று இருக்க வேண்டும் என்றேன். எடுத்த இடத்திலிருந்து தெற்கே ஒரு ஆள் நீளம் தள்ளி, மேலாகவே இருக்கும், ஒரு முழத்துக்குமேல் மண்வெட்டி போக வேண்டாம் என்றேன். என் வாயால் சொல்லாமல் அந்தக் கல்லே வெளியே வந்து சொல்லிவிடும், நான் தப்பித்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

பிள்ளை என்னைப் பார்த்தார். ஜனங்கள் பாதி சொல்லிப் பாதி விழுங்குவதை நாள் முழுக்கக் கேட்கிற மனுஷர் அவர். "ஒரு ஆள் நீளமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கூலியாளிடமிருந்து மண்வெட்டியைத் தானே வாங்கிக்கொண்டார். அப்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. புல்லின் வேரை மெல்ல மெல்லச் செதுக்கி எடுத்தார். பிறகு மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் தள்ளினார். எட்டுப் பட்டையும் மொட்டுமாக, படுத்தவாக்கில், இரண்டாவது கல் இருந்தது.

கொட்டகையிலிருந்து விளக்குத் தட்டோடு தையல் அத்தை ஓடிவந்தாள். அவள் முகத்தில் அத்தனை வெளிச்சம். "என்னங்க, அம்பாளா?" என்று பிள்ளையைக் கேட்டாள். மூன்று பாஷை பேசுகிற மனுஷருக்கு அன்றைக்கு ஒரு பாஷையும் வரவில்லை. மற்றவர்கள் மண்ணைப் பார்த்தார்கள். அவள் கடைசியில் என்னைப் பார்த்தாள். என் தந்திரம் அதோடு முடிந்தது, ஆமினா. கல் வெளியே வந்ததே தவிர அது பேசவில்லை, நான்தான் பேச வேண்டியிருந்தது.

"தங்கச்சி, இங்கே ஒருத்தர் அடக்கமாகியிருக்கார். நீ விளக்கேத்துனது அவரோட தலைமாட்டுக் கல்லு. இது கால்மாடு."

அவள் அழவில்லை. தட்டைக் கீழே வைத்தாள். மரத்தடிக்குப் போய்த் தொட்டிலின் முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது, நேரமாயிற்று, ஒருத்தரும் கிட்டப் போகவில்லை. துணியை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறு ஞாயிறு சபைக்கு யாரும் வரவில்லை. பாயை விரித்து, தேநீர் போட்டு வைத்து, நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். சபையும் போயிற்று, சிநேகமும் போயிற்று என்றே நினைத்தேன். உச்சி வெயிலில் பிள்ளை மாடிப்படி ஏறி வந்தார், கையில் சீயக்காய்ப் பொடிப் பொட்டலம். கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கிறது, நிறுத்துமுன் தேய்த்துக் கழுவ வேண்டாமா, வாரும் என்றார். போகிற வழியில், "நம்ம சபை இத்தனை நாள்ல நிஜமாக் கண்டுபிடிச்சது இது ஒண்ணுதான் மரைக்காயரே" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இரண்டு பேருமாகக் கழுவி, பழைய இடத்திலேயே நிறுத்தினோம். பக்கத்துக் கம்பத்து வீடுகளிலிருந்து ஒரு மலாய்ப் பெரியவர் வந்து பாத்திஹா ஓதினார். யாருடைய கபர் என்று தன் பாட்டனுக்கே தெரியாது என்றவர், பேர் தெரியாதவருக்கு விளக்கு வைத்துப் பார்த்துக்கொண்டீர்களே, நல்லது என்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை அதை எனக்குத் தமிழில் இரண்டு தடவை திருப்பிச் சொன்னார். கிணற்றை வேறு மூலைக்கு மாற்றினார். கல்லுக்குச் சுற்றிலும் ஒரு வேலி போட்டார். பிறகு அங்கே கட்டிய வீட்டு முற்றத்தில் நீ ஓடி விளையாடியபோது, அந்தப் பக்கம் போகாதே என்று எல்லாரும் உன்னைத் தடுத்தது இதற்காகத்தான்.

தையல் அத்தை மட்டும் என்னோடு பேசவில்லை. எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போவாள். துணி வாங்கவும் வேறு கடைக்குப் போனாள். உம்மாவோடு பலகைச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்த பேச்சும் நின்றுவிட்டது. மாதங்கள் ஓடின. நான் சொன்னது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை, ஆனால் அந்தத் துணியை நான் வெட்டிக் கொடுத்திருக்க வேண்டாம், அதற்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். ஒரு நாள் தள்ளிப்போட்டதற்கு ஒரு முடிச்சு அதிகமாயிற்று. உனக்கும் அதைத்தான் சொல்கிறேன். மாமி இப்போது பால் காய்ச்சுவதோடு நிற்கிறார். நாளைக்கு வளையலுக்குச் சொல்வார், தொட்டிலுக்கு மரம் பார்ப்பார். ஒவ்வொன்றையும் அவர் கையாலேயே பிறகு அவிழ்க்க வேண்டியிருக்கும்.

பிறகு நீ பிறந்தாய். உம்மாவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு ஜுரம் கண்டு, கண் திறக்காமல் கிடந்தாள். மருத்துவச்சி உம்மாவைப் பார்ப்பாளா, உன்னைப் பார்ப்பாளா. நீ ஒரு பகல் முழுக்கக் கத்தினாய். உன்னைக் கையில் வைத்துக்கொண்டு நான் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன், எனக்குத் தெரிந்ததெல்லாம் துணியை உதறிக் காட்டுவதுதான். அப்போது படியில் கால்சத்தம் கேட்டது. தையல் அத்தை வந்து, என்னைப் பார்க்காமல், கையை மட்டும் நீட்டினாள். உன்னை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். உம்மா எழுந்து நடக்கும்வரை நீ அந்த வீட்டில்தான் இருந்தாய். அதற்குப் பிறகும் பாதி நாள் அங்கேதான். இதெல்லாம் உனக்குச் சொல்லி வளர்த்ததுதான். கல்லின் கதையை மட்டும் நாங்கள் யாரும் உன்னிடம் பேசியதில்லை.

ஆகையால் இதுதான் நான் சொல்ல விரும்புவது. மருத்துவச்சி வந்து சொல்லட்டும் என்று காத்திருக்காதே. மாப்பிள்ளை மேடானிலிருந்து வரட்டும், அவர் சொல்லட்டும் என்றும் வைக்காதே. இரண்டாவது கல் ஒன்றைத் தேடிக்கொண்டு நான் போனேனே, அந்த மாதிரிச் சுற்றுவழியெல்லாம் கடைசியில் உன் வாய்க்கே திரும்பி வந்து நிற்கும். மாமி தனியாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொல். டுரியானிலிருந்து ஆரம்பி, அவரும் சிரிக்க ஒரு இடம் இருக்கட்டும். பிறகு இல்லை என்பதைச் சொல். மன்னிப்பைப் பேச்சின் நடுவில் போட்டுக் குழப்பாதே, கடைசியில் கேள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், சில நாள் பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும், நீ அவருக்குச் சோறு போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இரு. உனக்குக் கல்யாணமாகி எத்தனை நாளாயிற்று, இதில் யாருக்கு என்ன அவசரம்? தொழக்கூடாத நாளில் பாயில் உட்கார்ந்ததைப் பற்றி நீ உருகி எழுதியிருக்கிறாய். அதை அல்லாஹ் அறிவான், அது எத்தனை களைப்பான வேலை என்பதையும் அறிவான். இனி அந்த வேலை வேண்டாம்.

இத்தனையும் எழுதி முடித்தபிறகு எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. மகளுக்கு இவ்வளவு துணிச்சலாக எழுதுகிறோமே, அன்றைக்கு நாம் சொன்னது சொல்லப்பட்டவளுக்கு நல்லதாக இருந்ததா என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா என்று. இத்தனை வருஷத்தில் நான் தையல் அத்தையிடம் அதைக் கேட்டதே இல்லை. நேற்று மாலை பாலஸ்தியர் ரோட்டு வீட்டுக்குப் போனேன். பிள்ளை வெளியே போயிருந்தார். அவள் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உன் விஷயத்தை நான் சொல்லவில்லை, என் விஷயத்தை மட்டும் கேட்டேன். அன்றைக்கு நான் சொல்லாமலே இருந்திருக்கலாமோ தங்கச்சி என்றேன். வேலிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். மிளகாயைக் கிளறிக்கொண்டே, வெகு சாதாரணமாகச் சொன்னாள்.

"நீங்க சொன்னப்ப செத்துடலாம்போல இருந்துச்சுண்ணே. ஆனா சொல்லாம இருந்திருந்தீங்கன்னா நான் இன்னும் அந்தக் கல்லு முன்னாடியேதான் உக்காந்திருப்பேன். பக்கத்து வீட்ல ஆமினா அழுதது என் காதுல விழுந்தே இருக்காது."

சொல்லிவிடு, மகளே.

உன் வாப்பா